ஆயத்தமா என்று கேட்காத பந்தி

எங்கள் சபையில் 'கிருபை' என்ற சொல்லை, மலேசியாவில் மற்றவர்கள் பேச்சுக்கு நடுவே 'லா' போடுவது மாதிரி போடுவோம். சாப்பிட்டாச்சா என்று கேட்டால், கர்த்தருடைய கிருபையாலே ஆச்சு. காருக்கு ரோட் டாக்ஸ் கட்டியாச்சா என்றால், கிருபையாலே கட்டியாச்சு. பரீட்சையில் தேறினால் அது கிருபை. தேறாவிட்டால் மட்டும், நீ சரியாக ஜெபிக்கவில்லை. நல்லதெல்லாம் அவர் கொடுத்தது, கெட்டதெல்லாம் நான் சம்பாதித்தது என்ற இந்த ஏற்பாடு சின்ன வயதிலிருந்தே எனக்கு இடித்துக்கொண்டிருந்தது. கேட்டால் அம்மா, "கேள்வி கேக்குற வாய்க்கு ரெண்டு வசனம் மனப்பாடம் பண்ணலாம்ல" என்பார்.

சபை கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. பாஸ்டர் அங்கிள் கண்ணை மூடி உருகி ஜெபிக்கும் நேரமாகப் பார்த்துக் கீழே நட்டு கழற்றும் மெஷின் 'டர்ர்' என்று ஓடும். அப்பா நெஞ்சுவலியில் போனபோது நான் பதினைந்து வயதில், படிவம் மூன்றில் இருந்தேன். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பை அம்மா பற்றவைக்கவில்லை. சபை ஆட்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், துணி துவைத்தார்கள், என்னைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். கூரை ஒழுகியபோது ஏணி போட்டு ஏறியவர் பாஸ்டர் அங்கிள். அம்மாவுக்குப் பாலர் பள்ளியில் வேலை பேசி வாங்கிக் கொடுத்தவரும் அவரே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதை வைத்து யாரும் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது.

விதிகள் நிறைய இருந்தன. நகை கூடாது, பூ கூடாது, சினிமா கூடாது, சாமிக்குப் படைத்ததைத் தொடக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு பந்தி. ஆண்டவருடைய உடலுக்கு அடையாளமாக அப்பத்துண்டுகளும் இரத்தத்துக்கு அடையாளமாகத் திராட்சைச் சாறும் தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கைமாறி வரும். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்தக் கூட்டம். பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொருவராக முன்னே போய் பாஸ்டர் அங்கிள் எதிரில் நிற்க வேண்டும். மனதில் ஏதாவது உறுத்தினால் காதோடு சொல்லலாம். அவர் தலையில் கை வைப்பார். "ஆயத்தமா?" என்பார். "கர்த்தருடைய கிருபையாலே ஆயத்தம்" என்று நாம் சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்கு மறுநாள் தட்டு.

நான் வேதியியல் படித்துவிட்டு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். கம்பெனி பஸ்ஸில் போகவர நேரம் கிடந்தது. அந்தப் பயணத்தில்தான் போனில் பிரசங்கம் பிரசங்கமாகக் கேட்டேன், கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இரட்சிப்பு கிருபையினால் மட்டுமே, நம் செய்கை ஒன்றும் அதோடு கூட்டப்படுவதில்லை என்று ஒருவர் நிதானமாக விளக்கிக்கொண்டுபோனதைக் கேட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ் ஒரு கண்டெய்னர் லோரிக்குப் பின்னால் நகராமல் நின்றது. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஆண்டவர் செய்து முடித்துவிட்டார் என்றால் முடிந்தது. அதன்மேல் நான் என்ன வார்னிஷ் அடிப்பது? பக்கத்துச் சீட்டில் ஒரு மலாய்க்கார அக்கா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சொல்ல ஆள் இல்லை.

அடுத்த ஜனவரியில் பொங்கல் வந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி எங்கள் விதியை எங்களைவிட நன்றாக அறிந்தவர். ஒவ்வொரு வருஷமும் பொங்கல் பொங்கியதும், படையல் போடுவதற்கு முன்பே, எங்களுக்கென்று ஒரு மங்கு நிறைய எடுத்துத் தனியாக மூடி வைத்துவிடுவார். "இது படைக்காதது லா, தைரியமா சாப்பிடுங்க" என்று வேலிக்கு மேலாகக் கொடுப்பார். அம்மாவும் நிம்மதியாக வாங்கிக்கொள்வார். அந்த வருஷம் ஆன்டிக்கு மணிக்கட்டில் அடி. கிண்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார். நான் கிண்டினேன், வெல்லம் போட்டேன், முந்திரி வறுத்தேன். வீட்டில் கூட்டம். எல்லாம் இலையில் வைத்து, சூடம் காட்டி முடித்த பிறகுதான் ஆன்டி என்னைப் பார்த்து அப்படியே நின்றார்.

"கண்ணு, உங்களுக்கு எடுத்து வைக்க மறந்துட்டேன்."

அவர் முகம் விழுந்த விதம் இருக்கிறதே. இத்தனை வருஷம் காத்த ஒன்றைத் தவறவிட்டவர் முகம். நான் சொன்னேன், "பரவால்ல ஆன்டி, அதையே குடுங்க."

"வேண்டாம்மா. உங்கம்மா திட்டுவாங்க. உங்க பாஸ்டர் என்னையும் சேத்துத் திட்டுவாரு."

"குடுங்க ஆன்டி, நான்தானே கிண்டினேன்."

அவர்தான் அதிகம் தயங்கினார். நான் அங்கேயே சமையலறை மேடையில் சாய்ந்து நின்று சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. உள்ளே எந்த உறுத்தலும் வரவில்லை. வருகிறதா என்று காத்துக்கூடப் பார்த்தேன்.

அடுத்து வந்த ஆயத்தக் கூட்டத்தில் அதை பாஸ்டர் அங்கிளிடம் நானேதான் சொன்னேன். மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. உண்மையில் அவரோடு இதைப் பேச ஆசையாக இருந்தேன். "அங்கிள், படைச்ச பொங்கல் சாப்பிட்டேன். எனக்கு அது பாவமாத் தெரியல" என்றேன்.

அவர் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. "தெரியலன்னா, தெரியிற வரைக்கும் பந்திக்கு வராதம்மா" என்றார். "தெரிஞ்சதும் சபை முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லிடு. அவ்வளவுதான்." குரலில் கோபம் இல்லை. கூரையில் ஏறி ஓடு மாற்றியபோது, கீழே நின்ற என்னைப் பார்த்துத் தள்ளி நில்லும்மா என்றாரே, அதே குரல்.

மறுநாள் தட்டு வந்தபோது நான் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தட்டை என் மடிக்கு மேலாக நீட்டி அந்தப் பக்கத்து அக்காவிடம் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சேலைத் தலைப்பு என் கையில் பட்டது. அதற்கு அடுத்த மாதம் நானே பின்வரிசைக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான்.

பின்வரிசையில் ஒரு அங்கிள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார். பழைய கார் வாங்கி விற்பவர். சிகரெட்டை விட முடியாததால் பந்திக்கு வெளியே.

"என்னம்மா, பிசினஸ் கிளாஸ்லேருந்து எக்கானமிக்கு இறக்கிட்டாங்களா?" என்றார் தாழ்ந்த குரலில். "கவலைப்படாதே. ஃபேன் காத்து இங்கதான் நல்லா வரும்."

நான் விடுவேனா? ஆராதனை முடிந்து படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். "அங்கிள், சிகரெட்ட விட்டுட்டு வரணும்னு இல்ல. வந்தாப் போதும். அது அப்புறம் தானா விடும், விடாமலும் போகும். அவர் கூப்பிடறது சுத்தமான ஆளுங்கள இல்ல." இன்னும் என்னென்னவோ. டயர் கடை வாசல் வரை பேசினேன். அவர் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"நல்லாத்தான் சொல்ற. அப்போ நீ ஏன்மா என் பக்கத்துல உக்காந்திருக்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கார் போய்விட்டது. நான் வெயிலில் நின்றேன்.

மறு மாதத்தின் முதல் ஞாயிறு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். அம்மாவிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எந்தக் கோயில் என்று அவர் கேட்கவில்லை. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பேரங்காடிக் குளிரைத் தாண்டி வெளியே வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் வெயில். சேலைக் கடைகளில் அந்நேரத்துக்கே பாட்டு. பார்வையற்ற ஒருவர் வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு நடைபாதையின் மஞ்சள் ஓடுகளின் மேல் என்னைவிட வேகமாகப் போனார். அந்தத் தெருக்களுக்குள் ஒரு பழைய தமிழ்க் கிறிஸ்தவக் கோயில், ஒரு காலத்தில் ரயில்வே குடும்பங்கள் நிரம்பியிருந்ததாம். இப்போது வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெரியவர்கள்தான் அதிகம். போதகர் ஒரு பெண், அம்மா வயது. வாசலில் பச்சைச் சேலையில் ஒரு ஆன்டி, காதில் கம்மல், கழுத்தில் செயின், "வாங்க, எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

பந்தி நேரம் வந்ததும் போதகர் எல்லாரும் வரலாம் என்றார். எல்லாரும் என்றால் எல்லாரும். ஆட்கள் எழுந்து பீடத்துக்கு முன்னால் மரப்படியில் வரிசையாக முழங்காலிட்டார்கள். நான் போகவில்லை. போகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். என் தலைக்குள் இருந்த வாதங்களை அடுக்கினால் ஒரு மணி நேரம் பிரசங்கமே பண்ணலாம். ஆனால் கால் எழவில்லை. முன்னால் யாராவது வந்து நின்று, ஆயத்தமா என்று கேட்க வேண்டும் என்று உடம்பு எதிர்பார்த்துக் கிடந்தது. யாரும் கேட்கவில்லை.

அப்படியே சில மாதங்கள் முதல் ஞாயிறுதோறும் போனேன், உட்கார்ந்தேன், வந்தேன். முடிந்ததும் ஆட்கள் கைகுலுக்கி, கார் சாவியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். நானும் வாழை இலைக் கடை ஒன்றில், தனியாள் என்பதால் சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ரயிலேறுவேன். ஒரு மாதம் மழையால் போகவில்லை. அடுத்த முறை யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கிள்ளான் சபையில் ஒரு ஞாயிறு தவறினால் மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் விசாரணை, சாயங்காலத்துக்குள் மீஹூன் நூடுல்ஸ் டப்பாவோடு வாசலில் ஆள். வேவு பார்ப்பது என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். இப்போது கொமுட்டர் ஜன்னலில் தலை சாய்த்து, யாராவது என்னை வேவு பார்த்தால் தேவலாம் என்று நினைத்தேன். நான் கண்டுபிடித்த அந்தப் பெரிய விடுதலைக்குள் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இது எந்தப் பிரசங்கத்திலும் சொல்லப்படவில்லை.

பந்தியில் அப்பம் எடுத்த அன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழத் தடுமாறினார். கைகொடுத்து அவரோடு நடந்தேன். நடந்து முடிந்தபோது பீடத்துக்கு முன்னால் இருந்தேன். திரும்பிப் போனால் நன்றாயிருக்காது என்று முழங்காலிட்டேன். கையில் ஒரு துண்டு வந்தது. கடையில் விற்கும் வெள்ளை ரொட்டி, ஓரம் வெட்டியது. எங்கள் சபையில் புளித்த மாவு பந்திக்கு ஆகாது. இதுவா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவர் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட கேட்டே?"

"யார்கிட்டயும் கேக்கலம்மா. அவங்களும் கேக்கல."

"கேக்காமலேயா குடுத்தாங்க?"

"ஆமாம்மா."

"நீ ஆயத்தமா இருந்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா" என்றேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டார். தகுதியில்லாமல் பந்தியில் சாப்பிடுகிறவர்களுக்கு வியாதி வரும் என்று வேதத்தில் ஓர் எச்சரிப்பு உண்டு. எங்கள் சபையில் அதை ஒவ்வொரு ஆயத்தக் கூட்டத்திலும் வாசிப்பார்கள். அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னைக் கவனிக்க ஆரம்பித்தார். தும்மினால் திரும்பிப் பார்ப்பார். சாப்பிட்ட தட்டில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். தூங்குகிறேன் என்று நினைத்துக் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் வலி. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கி என்றார்கள், அங்கிருந்து கிள்ளான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி தன் மரத்திலிருந்து பப்பாளி இலை பறித்துச் சாறு பிழிந்து கொடுத்தனுப்பினார், நண்டு சூப்பும் வைத்தார். அம்மா கட்டில் பக்கம் உட்கார்ந்து அந்தக் கசப்பை ஸ்பூனால் ஊட்டினார்.

"எதனால வந்துச்சுன்னு தெரியுதா உனக்கு?" என்றார் மெல்ல.

"கொசும்மா."

"சும்மா பேசாத."

"நம்ம எதிர்வீட்டு சீன அங்கிளுக்கும் டெங்கிம்மா. அவர் எந்தப் பந்தில சாப்பிட்டாரு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுத்தபோது அழுதுகொண்டிருந்தார்.

அவரிடம் கிண்டலடித்தேனே தவிர, எனக்கும் பயம் இருந்தது. இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. தாதி வந்து கையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் போனதும் நானும் பார்ப்பேன், வேறொரு காரணத்துக்காக. கிருபை என்று அத்தனை பேசிய வாய்க்கு, ஒரு புள்ளி தெரிந்தால் அது தண்டனையா என்று கேட்கத்தான் வந்தது. படித்ததெல்லாம் அங்கே ஒன்றும் உதவிக்கு வரவில்லை. ஜெபிக்கக்கூட வரவில்லை. வாய் உலர்ந்து கிடந்தேன்.

பாஸ்டர் அங்கிள் ஒரு டின் மைலோவோடு வந்தார். அம்மா அவரிடம் பிரிக்ஃபீல்ட்ஸ் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. தலையில் கை வைத்து ஜெபித்தார். அந்தக் கையின் கனம் எனக்குப் பழக்கமானது. எவ்வளவு நாளாக அது இல்லாமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. முடித்துவிட்டு, "ரெண்டு வார்த்தைம்மா. நீ சபைக்கு முன்னாடி வரக்கூட வேணாம். இங்கயே எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கிறேன். எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்று கெஞ்சும் பார்வை. சொல்லியிருந்தால் அந்த வரிசையும், அந்த மீஹூனும், அந்த விசாரணையும், எல்லாம் அன்றைக்கே திரும்ப வந்திருக்கும். தப்புதான் அங்கிள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நாக்கு நுனிவரை வந்தது. உடம்பு அதைத்தான் கேட்டது.

"அங்கிள், நான் எடுத்துட்டேன்" என்றேன். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல. ஆயத்தமில்லாம. இப்ப ரெண்டு வார்த்தை சொன்னா, சும்மா குடுத்தத விலை குடுத்து வாங்கின மாதிரி ஆயிடும்."

இதைச் சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஓய்வெடும்மா" என்றார் கடைசியாக. போகும்போது தாதியிடம் நின்று, எனக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்துத் தண்ணீரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தட்டணுக்கள் ஏறின. வீட்டுக்கு வந்தேன். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அடுத்த முதல் ஞாயிறு காலை அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் என் பையை எடுத்தேன். போகாதே என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கொமுட்டர்ல குளிரும். சுவெட்டர் எடுத்துக்க" என்றார். கிள்ளான் நிலையம் வரை கிராப் வாடகைக் காரில் ஒன்றாகப் போனோம். நான் இறங்கினேன். அதே கார் அவரை டயர் கடைக்குக் கொண்டுபோனது.

போன முறையைவிட இந்த முறை பயம் அதிகம். ஒரு தடவை எடுத்து, படுத்து, எழுந்து, மறுபடியும் எடுக்கப் போகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் படிகளில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்கினேன். உள்ளே போய் உட்கார்ந்தவள், எல்லாரும் எழுந்தபோது எழப் பார்த்தேன். முழங்கால் மடங்கிவிட்டது. நல்லவேளை, பெஞ்சின் மேலேயே விழுந்தேன். வாசலில் தாள் கொடுக்கும் ஆன்டி பின்னாலிருந்து குனிந்தார்.

"முடியலையா? நீங்க உக்காருங்க. அவங்க கொண்டு வருவாங்க."

"பரவால்ல ஆன்டி, நான் வரேன்."

"உக்காருங்கம்மா."

என் வரிசையில் இருந்தவர்களெல்லாம் முன்னே போய்விட்டார்கள். நான் மட்டும். வரிசை முடிந்ததும் போதகர் பீடத்திலிருந்து இறங்கி, கையில் தட்டோடு நடுவழியில் நடந்து வந்தார். நாற்காலியில் இருந்த ஒரு பாட்டியிடம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார். பெயர் கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கையை நீட்டினேன், அது நடுங்கியது. அவர் ஒரு துண்டை வைத்து, அது கீழே விழாதபடி என் விரல்களைத் தன் கையால் மூடினார்.

காய்ச்சலில் புண்ணான தொண்டை இன்னும் ஆறவில்லை. மெல்வதற்கு நேரமானது. விழுங்கி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.